அடையாள அட்டை நுழையும் இடைவெளி

வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் காரின் இடது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. விரியத் திறக்காது. டொக்கென்று ஒரு சத்தம் வரும், பூட்டு விடுபடும், கதவு நான்கு விரல் அளவு வெளியே போய் ஆடும். அந்த ஓரத்தில் உட்காருகிற கண்ணாடி போட்ட பெண் உடனே அதை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் நான் கொடிக் கயிறு வாங்கிவந்து கதவின் கைப்பிடியையும் முன் இருக்கையின் காலையும் சேர்த்துக் கட்டினேன். அன்று வண்டியில் ஒரே சிரிப்பு.

"அண்ணே, கன்னுக்குட்டியக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குண்ணே."

"பாத்துடி, பால் குடிக்க ஓடிறப் போகுது."

நால்வரும் தேனிப் பக்கத்துப் பெண்கள். மண்ணூரில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். வேலை வல்லம் வடகாலில், காருக்கு முன்விளக்கு செய்கிற கம்பெனியில். கான்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் கம்பெனி பஸ்ஸில் அவர்களுக்கு இடம் கிடையாது. காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவதும், ஷிப்ட் முடிந்ததும் ஏற்றி வருவதும் என் வேலை. இது 2012-ல். அந்தத் தடத்தில் வேறு வண்டிகளும் ஓடின. அவர்கள் என்னிடம் வந்ததற்குக் காரணம் அறையின் வீட்டுக்கார அம்மா. "அந்த ஆளு வாயே தொறக்க மாட்டாரு, தைரியமா போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது உண்மைதான். நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் பேச்சு வராததற்குப் படிப்பைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன்.

கார் அப்போதே இருபது வயதைத் தாண்டியிருந்தது. வெள்ளை டீசல் கார். முன்னால் பெஞ்சு போல ஒரே நீள இருக்கை. எஞ்சின் நன்றாக இருந்தது. உடம்புதான் தளர்ந்துவிட்டது. குண்டும் குழியுமான இடத்தில் போனால் முன்பக்கம் ஒரு பேச்சும் பின்பக்கம் ஒரு பேச்சும் பேசும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கண்ணாடி போட்ட பெண்ணின் அப்பா ஊரிலிருந்து வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் அவரை ஏற்றிக்கொண்டு மண்ணூருக்கு வந்தோம். மகள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒரு வேகத்தடை. பூட்டு விடுபட்டது, கயிறு விறைத்தது, திறந்த இடுக்கு வழியாக மழை அவள் தோளில் அடித்தது. அவள் பழக்கத்தில் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள். அப்பா மீதி வழி முழுக்க அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "இது அந்துச்சுன்னா என்னண்ணே ஆகும்?"

அவர் குரலில் கோபம் இல்லை. 

"ரெண்டு வாரத்துல எங்க அண்ணன் மக கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வாறேன். அப்பவும் இந்தக் கயிறு இருந்துச்சுன்னா, புள்ளைய கையோட கூட்டிட்டுப் போயிருவேன். தப்பா நினைக்காதீங்க."

"அப்பா, இன்னும் ஆறு மாசத்துல என்னைய லைன் லீடராப் போடுறேன்னு சொல்லியிருக்காகப்பா" என்றாள் மகள்.

"கையும் காலும் இருந்தாத்தான ஆத்தா லீடரு?"

"அப்ப ஷேர் ஆட்டோல போறேன்."

"பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் அந்த ஆட்டோவ. பாதி ஆளு உள்ள, பாதி ஆளு வெளிய. அதுக்கு இந்தக் கயிறே தேவல."

மறுநாள் காலை கண்ணாடி போட்ட பெண் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.  அவள் போய்விட்டால் அது என் கதவால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். 

முதலில் பூட்டை மாற்றினேன். பிறகு கீல் மாற்றினேன். புதுப் பூட்டும் அதே வேகத்தடையில் டொக் என்றது. அன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் அவர்களை ஏற்றும்போது, கண்ணாடி போட்ட பெண் ஏறாமல் கதவுக்கு வெளியே குனிந்து நின்றாள். மற்ற மூவர் உள்ளே இருந்தார்கள். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கதவுக்கும் கார் உடம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள். தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மேலே ஒன்றுகூடத் திணறித்தான் போயிற்று. "அக்கா, உங்க கார்டக் குடுங்க" என்று மற்றவர்களுடையதையும் வாங்கி, மூன்றைச் சேர்த்துக் கீழே நுழைத்தாள். சுலபமாகப் போயிற்று. பிறகு எல்லோரையும் இறங்கச் சொன்னாள். இறங்கியதும் மேலே அட்டை கொஞ்சம் தாராளமாகப் போனது, கீழே மூன்று இறுகின.

"அண்ணே, பூட்டு மேல தப்பில்ல. நாங்க ஏறுனா வண்டி நடுவுல தொங்குது. மேல நெருங்குது, கீழ விரியுது."

கம்பெனியில் அவள் செய்கிற வேலையே அதுதான். விளக்கின் கண்ணாடிக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஒரு மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பது. ஒரு ஷிப்டில் எத்தனை நூறு விளக்கு பார்ப்பாளோ, அவள் கண்ணுக்கு இடுக்கு தப்பாது. நான் அந்தக் காரை ஆறு வருடம் தினமும் துடைத்திருக்கிறேன். அந்த இடுக்கை ஒருநாளும் பார்த்ததில்லை.

லாரிக்கு இருப்பதுபோல் அந்தக் காருக்குத் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, இரண்டு பக்கமும் தகட்டால் ஆன ஒரு நீளப் பெட்டி ஓடும். அந்த இரண்டு பெட்டிகளும் நடுவிலுள்ள தரையும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அதைத்தான் சேஸி என்போம். சேஸி தளர்ந்தால் கதவு என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ள ஒரு வெல்டிங் கொட்டகைக்குப் போனேன். அந்த மேஸ்திரிக்கு என் வயதுதான் இருக்கும். கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர்களுக்கு அடிச்சட்டம் ஒட்டுவதில் பேர்போனவர். அவர் பேசினால் சாலைக்கு எதிர்ப்பக்கம் கேட்கும்.

"இன்னாபா இது, எலி கட்ச்ச மாரி கீது" என்று பெட்டியைச் சுத்தியலால் தட்டினார். தட்டிய இடம் உள்ளே போயிற்று. "வுடு. எங்கிட்ட அஞ்சு எம்எம் தகடு கீது. கம்பெனி ஸ்கிராப்பு, சோக்கான இரும்பு. ரெண்டு சைடும் வெச்சி அட்ச்சிட்டேன்னு வெய்யி, அப்புறம் லாரி வந்து மோதுனாலும் லாரிதான் ஷெட்டுக்குப் போவணும்."

முன்பக்கமும் பின்பக்கமும் ஜாக்கி கொடுத்துக் காரைத் தூக்கி நிறுத்தினார். நடுப்பகுதி அந்தரத்தில் நின்றது. நான் கதவுப் பக்கம் போய்ப் பார்த்தேன். மேலே இடுக்கே இல்லை, கீழே விரல் போகும். ஆள் ஏறியபோது தொங்கியதுபோலவே இப்போதும் வண்டி தொங்குகிறது, இப்படியே ஒட்டினால் தொங்கலாகவே நின்றுவிடும் என்று தோன்றியது. சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் முகமூடியைக் கீழே இறக்கினார். பொறி பறக்க ஆரம்பித்தது. நான் திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் வண்டி திடமாகத்தான் இருந்தது. இடது பின்கதவை ஓங்கி அறைந்தால் மூடிக்கொண்டது. கயிற்றை அவிழ்த்து டிக்கியில் போட்டேன். திங்கள், செவ்வாய், புதன் நன்றாகப் போயிற்று. கண்ணாடி போட்ட பெண் ஊருக்குப் போன் செய்து "கயிறு அவுத்தாச்சுப்பா" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை வல்லம் அருகே ஒரு பள்ளத்தில் இறங்கியபோது வண்டிக்கு அடியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த வேகத்தடையில் கதவு திறந்துகொண்டது. ஓரமாக நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தேன். மேஸ்திரி வைத்த தகடு அப்படியே இருந்தது. ஒட்டும் அப்படியே இருந்தது. அந்த ஒட்டு முடிகிற கோட்டிலேயே பழைய மெல்லிய தகடு நேராகக் கிழிந்திருந்தது. போர்வையில் தோல் துண்டைத் தைத்தால் தோலா கிழியும், போர்வைதான் கிழியும்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். கயிற்றை எடுப்பதை நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேனே" என்றாள்.

அவர் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நால்வரில் மூத்தவள் கல்யாணமானவள், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள், கொஞ்சம் அதட்டிப் பேசுவாள். "ஒட்டுனவன் எப்படிண்ணே ஒட்டுனான்? நீங்க பக்கத்துல நின்னீங்கள்ல?" என்று கேட்டாள்.

ஜாக்கி வைத்த விதத்தைச் சொன்னேன். அப்போதே எனக்குத் தோன்றியதையும் சொன்னேன்.

"தோணுச்சுல்ல? சொல்ல வேண்டியதுதான?"

நான் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கண்ணாடி போட்ட பெண்தான் பேசினாள். "எங்க லைன்லயும் அப்படித்தாண்ணே. விளக்கப் பிடிச்சுக்கிற அச்சு கோணலா இருந்தா எத்தன ஸ்க்ரூ முடுக்குனாலும் கோணலாத்தான் வரும். முதல்ல நேராப் பிடிக்கணும். அப்புறந்தான் முடுக்கணும்." கொஞ்ச தூரம் போனதும், "ஞாயித்துக்கிழமை நாங்களும் வாறோம்" என்றாள்.

வந்தார்கள். வாரத்தில் துணி துவைக்கக் கிடைக்கிற ஒரே நாள் அது. மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"இன்னாபா, நாலு இன்ஸ்பெக்டர இட்டாந்துகீற! என் வேலயில இன்னா கொற?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் நான் பேசிவிட்டேன். எப்படிப் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை. "மேஸ்திரி, தகட்ட எடுத்துடலாம். தொங்கினு இருக்கச்சே ஒட்டிட்டோம். அன்னிக்கே பாத்தேன், சொல்லாம பூட்டேன். என் மேலயும் தப்பு கீது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு காருக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.  வெளியே வந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றினார்.

"டிரெய்லர்ல ஒட்டு போட்டா முனைய நேரா வுட மாட்டேன். மீன் வாலு மாரி கூரா வெட்டி, குறுக்கால ஒட்டே போடாம வுடுவேன். நேரா வுட்டா அந்தக் கோட்லயே பிச்சுக்கும். இருவது வருசமா தெரியும் எனக்கு. சின்ன வண்டிதானேன்னு வுட்டுட்டேன்." பிறகு குரலை உயர்த்தி, "சரி, இன்ஸ்பெக்டரு! எங்க நிக்கணும் சொல்லுங்க" என்றார்.

இருக்கைகளைக் கழற்றினோம். பேட்டரி ஒயரை எடுத்தோம். தகடுகளை வெட்டி எடுத்ததும் பெட்டியின் உள்பக்கம் தெரிந்தது. உள்ளே ஈரச் சேறும் துருவும் ஒரு சட்டி அளவுக்கு இருந்தன. மேஸ்திரி பெட்டியின் அடியில் விரலால் தடவி, "தண்ணி போற ஓட்டய எவன்யா அடச்சான்?" என்று கத்தினார்.

அடைத்தது நான். வண்டி வாங்கிய வருடம், அடியில் வரிசையாக ஓட்டைகளைப் பார்த்து, இதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏறும் என்று நினைத்து, குழாய்க்குப் பூசுகிற பசையால் ஒவ்வொன்றையும் அடைத்துப் பெயின்டும் அடித்திருந்தேன். நல்லது செய்ததாக அன்று எனக்குச் சந்தோஷம். கதவு வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டைகள். ஆறு மழைக்காலத்துத் தண்ணீரை நானே உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன்.

"நான்தான்" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "பரவால்லபா. உன் பங்கு ஒண்ணு, என் பங்கு ஒண்ணு, கணக்கு சரியா பூச்சு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே கூச்சம் இல்லை.

இந்த முறை நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. துருப்பிடித்ததையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு, நடுப்பகுதிக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமான கட்டையைக் கொடுத்து, அதற்கடியில் திருகு ஜாக்கி வைத்தோம். கதவுகளைச் சாத்தினோம். பக்கத்துக்கு இரண்டு பெண்கள் உட்கார்ந்து, நான்கு அட்டைகளையும் மாறி மாறி வாங்கிக்கொண்டார்கள். நான் ஒரு ஜாக்கியிலும் மேஸ்திரி இன்னொன்றிலும்.

"மேல ஒண்ணு, டைட்டு. கீழ மூணு."

கால் சுற்று திருகினேன்.

"மேல ஒண்ணு, லூசு. கீழ மூணு டைட்டு."

இன்னும் கால் சுற்று. கார் முதுகை நிமிர்த்துகிற மாதிரி ஒரு முனகல் கேட்டது.

"மேல ரெண்டு போகுதுண்ணே! கீழயும் ரெண்டு! நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!"

"அந்தாண்ட சைடு?" என்றார் மேஸ்திரி.

"இங்கிட்டு இன்னும் அரைக்கால் வேணும்" என்றாள் கண்ணாடி போட்ட பெண். அரைக்கால் சுற்று என்று யாராவது ஜாக்கி திருகிப் பார்த்திருக்கிறார்களா? மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.

ஒட்டும்போது அவர்களைத் தள்ளிப்போய்த் திரும்பி உட்காரச் சொன்னோம். இந்த முறை இரண்டு எம்எம் தகடு. பெட்டியாக மடித்து, இரண்டு முனையையும் மீன் வால் போல வெட்டியது. ஒரே இழுப்பாக ஒட்டாமல், இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். சூடு ஆறும்வரை நிறுத்தி டீ குடித்தோம். ஆறியதும் அட்டை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஒட்டு. முன் இருக்கைக்கு அடியில் இரண்டு பெட்டிகளையும் சேர்த்துக் குறுக்கே ஒரு சதுரக் குழாய். கடைசியில் பெட்டியின் அடியில் புதிதாக ஓட்டை போட்டார். "இத்த அடச்சே, உன்ன அடப்பேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஜாக்கியை இறக்கினோம். எல்லோரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி போட்ட பெண் அட்டையை நுழைத்தாள். மேலே இரண்டு. கீழே இரண்டு. இருக்கைகளைத் திரும்ப மாட்டி மற்ற மூவரும் ஏறினார்கள், எடைக்கு மேஸ்திரியும் ஏறினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே கொஞ்சம் லூசு என்றாள், ஆனால் மூன்று நுழையவில்லை. பிறகு, பள்ளத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து சாத்தினேன். இரண்டு விரலால் தள்ளினேன், மூடிக்கொண்டது. நான் அதைப் பத்துப் பதினைந்து தடவை செய்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய அப்பா வந்தார். மண்ணூரில் இறங்கியதும் கயிறு கட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, காருக்கு அடியில் போய்விட்டார். ஊரில் அவரிடம் தேங்காய் ஏற்றுகிற டிராக்டர் டிப்பர் ஒன்று உண்டு. அதன் சட்டம் வருடத்துக்கு ஒருமுறை விரிசல் விடுமாம்.

"அண்ணே, முனைய ஏன் இப்பிடிக் கூரா வெட்டியிருக்கு?" என்று அடியிலிருந்து கேட்டார்.

நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். ஒரு விரலால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். கூர் ஏன், குறுக்கே ஏன் ஒட்டவில்லை, கனமான தகடு ஏன் ஆகாது, ஜாக்கி எங்கே வைக்க வேண்டும், ஓட்டை எதற்கு, அதை அடைத்தது யார் என்பதுவரை. அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். வெளியே வந்தபோது நால்வரும் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்கு இம்புட்டுப் பேச்சு வருமா!" என்றாள் மூத்தவள்.

அப்பா சிரித்தார். ஆனால் மகளைக் கூட்டிப்போவதா விடுவதா என்று சொல்லவில்லை. அன்று முழுக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர்கள் ஷிப்டுக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் காஞ்சிபுரம் பஸ் பிடிக்க அப்பாவும் ஏறினார். இடது பின்கதவு ஓரத்தில் அவரே உட்கார்ந்தார், மகள் நடுவில். அவள் சீருடையில்தான் இருந்தாள், ஆனாலும் அவர் மடியில் இருந்த துணிப்பை அவருடையதா அவளுடையதா என்று கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தேன். வேகத்தடை வந்தது. வழக்கமாக அங்கே முதல் கியருக்குப் போவேன். அன்று இரண்டாவதிலேயே ஏறினேன். டொக் இல்லை. அவர் கை தூக்கக் கலக்கத்தில் மடியிலேயே கிடந்தது.

பேருந்து நிலையம் வந்ததும் இறங்கினார். துணிப்பையோடு இறங்கினார். மகள் நகர்ந்து ஓரத்துக்கு வந்தாள். அவர் திறந்த கதவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

"மழை பெஞ்சா அந்த ஓட்டையக் குச்சி வச்சுக் குத்தி விட்டுருங்கண்ணே" என்று என்னிடம் சொன்னார்.

"தீபாவளிக்கு லீவு போட்டுட்டு வா" என்று அவளிடம் சொன்னார்.

பிறகு கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினார். அவள் உள்ளே இருந்தாள். ஆறு மணிக்கு லைன் ஓட ஆரம்பித்துவிடும் என்பதால் நான் உடனே கியரைப் போட்டேன்.